மனநல மருத்துவமும் குடும்பக் கணக்கும்

(ஆலயக் குடும்ப தின நிகழ்ச்சியில், நிர்வாகக் குழு உறுப்பினரும் பணி ஓய்வு பெற்ற ஆசிரியருமான கட்டுரையாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னர் பேசிய அன்பர் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் சர்க்கரை நோயைப் பற்றியும் சுவைபடப் பேசினார். நீங்களும் சிரித்துக் கேட்டீர்கள். சர்க்கரை நம் இனத்திற்கு உறவினர் போல ஆகிவிட்டது. அதைப் பற்றிப் பேச யாருக்கும் வெட்கமில்லை. எனக்குக் கொடுத்த தலைப்பு அப்படிப்பட்டதன்று. அறிவிப்புப் பலகையில் அதை எழுதியபோதே, "மனநலம்" என்பதை எடுத்துவிட்டு "குடும்ப நலம்" என்று போட்டுவிடலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். பெயரைச் சொல்லத் தயங்குவதிலேதான் நம் செலவு தொடங்குகிறது.

நான் மருத்துவன் அல்லன். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவன். ஆகவே நோயைப் பற்றி மருத்துவர் பேசட்டும். நான் கணக்கைப் பற்றிப் பேசுகிறேன். ஆலய அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் மாலை வேளைகளில் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் என் பழைய மாணவர்கள், அல்லது அவர்களின் பெற்றோர்கள். "சார், பையனுக்கு நேரம் சரியில்லை, ஒரு பரிகாரம் செய்யணும்" என்று தொடங்குவார்கள். அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டால், நேரம் சரியில்லாதது ஜாதகத்தில் அன்று என்பது தெரியவரும். பையன் மூன்று மாதமாக உறங்கவில்லை; அறையை விட்டு வெளியே வரவில்லை; வேலைக்குப் போகவில்லை. பிறகுதான் மெல்லக் கேட்பார்கள்: "டாக்டரிடம் போனால் எவ்வளவு ஆகும், சார்?"

அந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்கு இங்கே விடை சொல்ல வந்திருக்கிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு மனநோய் என்றால் ஒரே ஓர் ஊர்தான் நினைவுக்கு வரும்: தஞ்சோங் ரம்புத்தான். ஈப்போவுக்கு அருகிலே 1911ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனைக்குப் பின்னாளில் பஹாகியா, அதாவது மகிழ்ச்சி என்று பெயர் சூட்டினார்கள். நாம் அந்தப் பெயரைப் பயன்படுத்தவே இல்லை. வகுப்பில் பிள்ளைகள் சண்டையிட்டுக்கொள்ளும்போது "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்பது எவ்வளவு சாதாரணமான ஏச்சு என்று இங்குள்ள ஆசிரியர்களுக்குத் தெரியும். ஓர் ஊரின் பெயரே வசவாகிப் போனபின், அந்த ஊரின் பக்கம் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? தெற்கே ஜொகூர்க்காரர்களுக்குத் தம்போய் என்ற பெயரும் அப்படித்தான்.

ஆனால் காலம் மாறியிருக்கிறது. இன்று மனநல மருத்துவம் பெற யாரும் தஞ்சோங் ரம்புத்தான் வரை போக வேண்டியதில்லை. பெரிய அரசாங்கப் பொது மருத்துவமனைகளில் எலும்புக்கும் கண்ணுக்கும் தனிப்பிரிவு இருப்பது போலவே மனநலத்திற்கும் தனிப்பிரிவு இருக்கிறது. 1952ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை அகற்றி, 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டப்பிரிவையும் 2023இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் வழக்கு வருமோ என்று அஞ்சி வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. அந்த அச்சத்திற்கு இனி இடமில்லை.

இது யாரோ சிலருக்கு வரும் நோயும் அன்று. சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி, நாட்டிலுள்ள பெரியவர்களில் நூற்றுக்கு 4.6 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. 2019இல் அது 2.3ஆக இருந்தது. நான்கே ஆண்டுகளில் இரு மடங்கு! இந்த மண்டபத்தில் முந்நூறு பேர் அமர்ந்திருக்கிறோம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் காப்புறுதியைப் பற்றிச் சொல்கிறேன். ஏனென்றால் நம்மவர்கள் அதைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறார்கள்.

நமது ஆலயத்திற்குத் தவறாமல் வரும் ஓர் அன்பர். நாற்பத்திரண்டு வயது, லாரி நிறுவனத்தில் கண்காணிப்பாளர். ஒருநாள் நள்ளிரவில் நெஞ்சடைத்து, கைகால் வியர்த்து, இதோ உயிர் போகிறது என்று துடித்திருக்கிறார். மனைவி பதறிப்போய்த் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனார். மருத்துவ அட்டை இருக்கிறது, பயமில்லை என்ற தைரியம். இரண்டு நாள் வார்டில் வைத்து இ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை, இதய ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். இதயம் இரும்பு போல இருந்தது. மூன்றாம் நாள் மருத்துவர், "இது மாரடைப்பு அன்று, கடுமையான பதற்ற நோய்" என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் காப்புறுதி நிறுவனம் உத்தரவாதக் கடிதம் தர மறுத்துவிட்டது. கட்டணம் ஏழாயிரத்து நானூறு வெள்ளி. "கார்டு இருக்கு சார். பதினோரு வருஷமா கட்டுறேன். இருந்தும் என்னையே கட்டச் சொல்றாங்க" என்று அவர் என்னிடம் வந்து குமுறினார்.

அவருடைய ஒப்பந்தப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். அவர் அதைத் திறந்ததே இல்லை. பிளாஸ்டிக் உறை பிரிபடாமல் இருந்தது. பின்பகுதியில் விதிவிலக்குகள் என்று ஒரு பட்டியல். இந்நாட்டு மருத்துவக் காப்புறுதிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் பட்டியல்தான் அது. அதிலே ஒரு வரி: மனநோய், மன அல்லது நரம்புக் கோளாறு, அவை உடல்வழியாக வெளிப்படும் அறிகுறிகள் ஆகியவற்றிற்கு இழப்பீடு இல்லை. பாருங்கள், உடல்வழியாக வெளிப்படுவதற்கும் இல்லை! பதற்ற நோயில் நெஞ்சடைப்பது உடல்வழி வெளிப்பாடு. ஆகவே அவர் வலி உண்மை, பரிசோதனை உண்மை, கட்டணமும் உண்மை. இழப்பீடு மட்டும் இல்லை.

இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதே என் கருத்து. மூளையும் உடம்பின் உறுப்புதான். ஆனால் நியாயத்தைப் பேசிக்கொண்டிருந்தால் கட்டணம் குறையாது. 2024இல் காப்புறுதிச் சந்தா உயர்ந்தபோது நம்மில் எத்தனை பேர் கொதித்தெழுந்தோம்! சந்தா எவ்வளவு என்று கேட்ட நாம், அது எதற்குச் செல்லாது என்று கேட்கவில்லை.

அண்மை ஆண்டுகளில் சில நிறுவனங்கள் மனநலச் சிகிச்சையையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருக்கின்றன. ஆனாலும் அதில் ஓர் உச்சவரம்பு இருக்கும். சிலவற்றில் வார்டில் தங்கினால் மட்டுமே பணம். சிலவற்றில் குறிப்பிட்ட சில நோய்களுக்கு மட்டும். மனநோயாளிகளில் பெரும்பாலோர் வார்டில் தங்குவதில்லை; மாதந்தோறும் போய் மருத்துவரைப் பார்த்து மருந்து வாங்கி வருகிறவர்கள். வார்டுக்கு மட்டும் பணம் தரும் அட்டையால் அவர்களுக்கு என்ன பயன்? ஆகவே முகவர் வீட்டுக்கு வரும்போது தேநீர் கொடுங்கள், கூடவே மூன்று கேள்விகளையும் கேளுங்கள். மனநோய்க்குச் செல்லுமா? வார்டில் தங்காத வெளிநோயாளிக்குச் செல்லுமா? ஆண்டுக்கு எவ்வளவு? வாயால் சொல்வதை ஏற்க வேண்டாம். ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். தொழிற்சாலை வழங்கும் குழுக் காப்புறுதி வைத்திருப்பவர்கள் இதே கேள்விகளை மனிதவளப் பிரிவில் கேட்கலாம். சில நிறுவனங்கள் ஊழியர்களுக்கு ஆலோசனைச் சேவையை இலவசமாகவே வைத்திருக்கின்றன. கேட்க ஆளில்லாமல் அது கிடக்கிறது.

இன்னொன்று. விண்ணப்பப் படிவத்தில், முன்பு மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா என்ற கேள்வி இருந்தால் உண்மையை எழுதுங்கள். மறைத்துவிடலாம் என்று சில முகவர்களே சொல்லிக் கொடுக்கிறார்கள். கேட்ட கேள்விக்கு நேர்மையாகவும் கவனமாகவும் பதில் சொல்வது 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டப்படி நம் கடமை. மறைத்தது பின்னர் தெரிந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். முகவர் அப்போது உங்களோடு நிற்கமாட்டார். அதேபோல், நிறுவனம் மறுத்துவிட்டால் அதோடு முடிந்தது என்றும் எண்ணாதீர்கள். முதலில் அந்நிறுவனத்திடமே எழுத்து மூலம் முறையிட வேண்டும். அதன்பிறகும் தீராவிட்டால், 2025 ஜனவரி முதல் இயங்கிவரும் நிதிச் சந்தைகள் குறைதீர்ப்புச் சேவை அமைப்பிடம் கொண்டுபோகலாம்.

இனி காப்புறுதி இல்லாதவர்களின் கணக்கு. நம்மில் பெரும்பாலோர் இந்த வகுப்பில்தான் இருக்கிறோம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வழி எளிது. வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கிற்குப் போக வேண்டும். கட்டணம் ஒரு வெள்ளி. அங்குள்ள மருத்துவர் பார்த்து, தம்மால் இயன்றதைத் தாமே கவனிப்பார். மருந்தும் அந்த ஒரு வெள்ளிக்குள் அடக்கம். தேவைப்பட்டால் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார். நிபுணத்துவ மருத்துவரைத் தொடர்ந்து பார்க்கச் செல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஐந்து வெள்ளி. வார்டில் தங்க நேர்ந்தால் மூன்றாம் வகுப்பில் நாளொன்றுக்கு மூன்று வெள்ளி. எவ்வளவுதான் ஆனாலும் மூன்றாம் வகுப்பில் ஐந்நூறு வெள்ளிக்கு மேல் போகாது. குடிமக்களுக்குத்தான் இந்தக் கட்டணம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னர் வருகிறேன்.

"ஒரு வெள்ளி மருந்து என்ன செய்யும் சார்?" என்று முகத்தைச் சுளிப்பவர்கள் உண்டு. நம் மக்களுக்கு விலை குறைந்தால் நம்பிக்கையும் குறைந்துவிடும். ஒரு மருந்தின் காப்புரிமைக் காலம் முடிந்ததும் மற்ற நிறுவனங்களும் அதே மருந்தைத் தயாரிக்கலாம், விலை விழுந்துவிடும். பெட்டியின் நிறமும் பெயரும் மாறும், உள்ளே வேலை செய்யும் சரக்கு ஒன்றுதான். அரசாங்க மருத்துவமனையில் கிடைப்பதில் பெரும்பகுதி அப்படிப்பட்டது. குரல்கள் கேட்கும் நோய்க்கு, மாத்திரையைத் தினமும் விழுங்க மறுப்பவர்களுக்காக, இரண்டு வாரத்திற்கு அல்லது மாதத்திற்கு ஒருமுறை போடும் ஊசி பல்லாண்டுகளாகவே அங்கே இருக்கிறது. புதிதாக வந்த சில விலையுயர்ந்த ஊசிகள் எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பதும் உண்மைதான். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க, தனியாரிடம் போய்வந்த ஒரு குடும்பம் என்னிடம் காட்டிய ரசீதுகளைச் சொல்கிறேன். ஒரு மாதத்திற்கு மருத்துவர் கட்டணம் நூற்றைம்பது, மருந்து இருநூற்று எண்பது. ஆக நானூற்று முப்பது வெள்ளி. ஆண்டுக்கு ஐயாயிரத்து நூற்று அறுபது. எட்டாவது மாதம் பணம் தீர்ந்தது, மருந்தை நிறுத்தினார்கள், நோய் திரும்பியது. தனியார் மருத்துவரின் திறமையில் எந்தக் குறையும் இல்லை. மனநோய்க்கு மருந்து என்பது பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் செய்யும் செலவு. முதல் மாதத்தில் கட்ட முடிகிறதா என்று பார்த்து முடிவு செய்யக்கூடாது; மூன்றாம் ஆண்டிலும் கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாது என்றால், முதல் நாளிலேயே அரசாங்கத்திற்குப் போவது நல்லது. தனியாரிடம் தொடங்கியவர்கள் மாற விரும்பினால், அந்த மருத்துவரிடமே கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டு மாறலாம். கேட்க வெட்கப்பட்டு நடுவில் மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து.

ஆனால், அன்பர்களே, ஐந்து வெள்ளி என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிட்டால் அது பாதிக் கணக்கு. மீதிப் பாதியைப் பலரும் பார்ப்பதில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் ஆயிரத்து எழுநூறு வெள்ளியானது. இருபத்தாறு வேலை நாளால் வகுத்தால் நாள் கூலி ஏறக்குறைய அறுபத்தைந்து வெள்ளி. நோயாளி தனியே போகமாட்டார். அண்ணனோ அப்பாவோ உடன் போக வேண்டும். காலையில் போனால் எண் எடுத்துக் காத்திருந்து, மருத்துவரைப் பார்த்து, மருந்தகத்தில் மீண்டும் காத்திருந்து வீடு திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். மாதம் ஒருமுறை என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள். மருத்துவமனைக் கட்டணம் அறுபது வெள்ளி. இழந்த கூலி எழுநூற்று எண்பது வெள்ளிக்கு மேல்! நிபோங் திபாலிலிருந்தோ தாசேக் குளுகோரிலிருந்தோ வருகிறவர்களுக்குக் கிராப் கட்டணம் வேறு. இரண்டாம் ஆண்டில் அண்ணன் விடுப்பு எடுக்கத் தயங்குகிறார், தவணை தவறுகிறது, மருந்து நிற்கிறது. ஐந்து வெள்ளி இல்லாமல் சிகிச்சையை நிறுத்தியவரை நான் பார்த்ததில்லை. விடுப்பு இல்லாமல் நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதற்குச் சில வழிகள் உண்டு. மருத்துவமனையில் கேட்டால்தான் தெரியும். நிலைமை சீரானபின் மருந்தை மட்டும் வீட்டருகே உள்ள அரசாங்க கிளினிக்கில் மாதந்தோறும் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்வார்கள். தபால் வழியாக மருந்தை வீட்டுக்கே அனுப்பும் சேவையும் உண்டு. ஊசியையும் சில இடங்களில் கிளினிக்கிலேயே போட்டுக்கொள்ளலாம். மெந்தாரி என்ற பெயரில் சமூக மனநல மையங்கள் 2011 முதல் நாட்டில் தொடங்கப்பட்டு வந்திருக்கின்றன. குணமடைந்து வருகிறவர்களுக்கு வேலை தேடித் தரும் பணியையும் அங்கே செய்கிறார்கள். மருந்தகத்தில் தமிழ் பேசும் தாதியரோ உதவியாளரோ இருந்தால் தயங்காமல் கேளுங்கள். இல்லாவிட்டால் மலாயிலே கேளுங்கள். பிள்ளைகளை உடன் அழைத்துப் போங்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆலய நிர்வாகத்தில் இருப்பவன் சொன்னால்தான் அது எடுபடும்.

பிறையில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த என் பழைய மாணவர். வகுப்பில் கணக்கில் முதல் மாணவர். வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்தும் ஒப்பிப்பார். இருபத்தாறு வயதில் தன்னை யாரோ பின்தொடர்வதாகச் சொல்லத் தொடங்கினார். வேலையை விட்டார். பெற்றோர் செய்வினை என்று நம்பினார்கள். ஒருவர் தகடு வைத்தார், எண்ணூறு வெள்ளி. இன்னொருவர் வீட்டில் மூன்று நாள் பூசை செய்தார், மூவாயிரம். பிறகு பையனையும் கூட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்குப் போய், திருச்சிக்கு அருகிலுள்ள குணசீலம் ஆலயத்தில் ஒரு மண்டலம் தங்கி வந்தார்கள். விமானக் கட்டணம், தங்கும் செலவு எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்கு மேல். அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போனது. அங்கே கண்ட ஒன்றை அந்தத் தாயார் என்னிடம் சொன்னார்: அந்த ஆலயத்தை ஒட்டியே அரசு உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது, மனநல மருத்துவரும் வந்து பார்க்கிறார். பெருமாளின் சந்நிதியிலேயே மருந்தும் தருகிறார்கள், சார் என்றார். அங்கே தந்த மருந்தை இங்கே தொடர ஐந்து வெள்ளிதான் ஆகியிருக்கும். ஆனால் ஊர் திரும்பியதும் நிறுத்திவிட்டார்கள். குணமாகிவிட்டது என்று நினைத்தார்கள்.

இறைவனை வேண்டாதீர்கள் என்று நான் சொல்வேனா? சொல்லமாட்டேன். நானே தினமும் வேண்டுகிறவன். சந்நிதியில் ஓர் அர்ச்சனைச் சீட்டு வாங்க எவ்வளவு ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். அம்பாள் அதற்கு மேல் கேட்பதில்லை. மூவாயிரம் கேட்கிறவர் மனிதர். நோயாளியின் குடும்பத்திடம் அப்படிப் பணம் கேட்கும் யாரும் நம் ஆலயத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால், அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

அந்த மாணவரின் கதையில் பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். அவர் நான்கு ஆண்டு வேலை செய்தார்; சொக்சோ சந்தா மாதந்தோறும் பிடிக்கப்பட்டது. சொக்சோ என்றால் விபத்துக்கு மட்டும் என்றே நாம் நினைக்கிறோம். அதிலே செயலிழப்பு ஓய்வூதியம் என்று ஒன்றிருக்கிறது. அறுபது வயதுக்குட்பட்ட தொழிலாளி, குணமாக வாய்ப்பில்லாத நிரந்தர நோயால், தன்னைப் போன்ற நலமான ஒருவர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடச் சம்பாதிக்க இயலாமல் போனால் அதற்கு விண்ணப்பிக்கலாம். அது உடல் நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, மனநோயும் அடங்கும். மருத்துவக் குழு பார்த்து முடிவு செய்யும். கிடைத்தால், சராசரிச் சம்பளத்தில் நூற்றுக்கு ஐம்பது முதல் அறுபத்தைந்து வரை மாதந்தோறும் வரும்.

ஆனால் முழு ஓய்வூதியத்திற்கு ஒரு நிபந்தனை. பொதுவாக, விண்ணப்பிப்பதற்கு முந்திய நாற்பது மாதங்களில் இருபத்து நான்கு மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். நாற்பதில் இருபத்து நான்கு போனால் எத்தனை? பதினாறு. அதாவது வேலையை விட்டபின் பதினாறு மாதம் கடந்துவிட்டால் அந்தக் கணக்கு நம் கையை விட்டுப் போய்விடுகிறது. என் மாணவரின் குடும்பம் தகடு, பூசை, மண்டலம் என்று மூன்று ஆண்டுகளைக் கழித்தது. என்னிடம் வந்தபோது கதவு மூடியிருந்தது. குறைந்த தொகையில் வேறொரு கணக்கும் இருக்கிறது. அதையும் சொக்சோ அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். வேலையில் இருக்கும்போதே நோய் தெரிந்தால், வேலையை ராஜினாமா செய்யும் முன் மருத்துவரைப் பாருங்கள்; மருத்துவ விடுப்பு எடுங்கள். "மானம் போகும்முன் வேலையை விட்டுவிடட்டும்" என்று சொல்லும் மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள்.

அந்தப் பையன் இப்போது மருந்து எடுத்துக்கொள்கிறார். மாதம் ஒரு ஊசி. வெள்ளிக்கிழமைகளில் நம் அன்னதானக் கூடத்தில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வருவார். நீங்கள் எல்லாரும் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறீர்கள். அவர் அனுமதி பெற்றுத்தான் இதைச் சொல்கிறேன். யார் என்று தேடாதீர்கள்.

அடுத்தது ஓ.கே.யு. அட்டை. சமூக நல இலாகா வழங்கும் மாற்றுத்திறனாளி அட்டையில் ஏழு பிரிவுகள் உண்டு. மனநோய் அவற்றில் ஒன்று. பொதுவாக இரண்டு ஆண்டாவது மனநலச் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். மருத்துவர் சான்றளிக்க வேண்டும். அட்டை இருந்தால் அரசாங்க மருத்துவமனைக் கட்டணத்தில் விலக்கு உண்டு. வேலை செய்ய இயலாத ஏழைகளுக்கு இலாகாவின் மாதாந்திர உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். வேலை செய்பவருக்குத் தனி அலவன்ஸ் உண்டு. இதைச் சொல்லும்போதெல்லாம் தாய்மார்கள் என்னிடம் கேட்பது ஒன்றே: "அட்டை எடுத்தால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" நான் பதிலுக்குக் கேட்பேன், அட்டை எடுக்காவிட்டால் யார் சோறு போடுவார்கள், அம்மா? நீங்கள் இருக்கும்வரை நீங்கள். அதற்குப் பிறகு? அட்டையை நெற்றியில் ஒட்டச் சொல்லவில்லை, பீரோவில் இருக்கட்டும்.

வருமான வரி கட்டுகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. 2022ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல், பதிவு பெற்ற மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், ஆலோசகர் ஆகியோரிடம் பெற்ற பரிசோதனை அல்லது ஆலோசனைச் செலவு மருத்துவ வரி விலக்கில் சேர்க்கப்பட்டது. உடற்பரிசோதனையோடு சேர்த்து ஆயிரம் வெள்ளி வரை. ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

கடைசியாக, நம் நிர்வாகத்தைச் சேர்ந்த விஷயம். நம் ஆலயத்தில் பணிபுரியும் குருக்களும் நாதஸ்வர, தவில் கலைஞர்களும் தாயகம் விட்டு வந்தவர்கள். மனைவி மக்களைப் பிரிந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர் போகிறவர்கள். விடியற்காலை நான்கரைக்கு எழுந்து இரவு பத்துக்குப் படுக்கிறவர்கள். நமக்கெல்லாம் ஆசி கூறும் அவர்களுக்கு மனம் சோர்ந்தால் யார் கவனிப்பது? நான் சொன்ன ஒரு வெள்ளியும் ஐந்து வெள்ளியும் அவர்களுக்குப் பொருந்தாது. வெளிநாட்டவருக்கான கட்டணம் 2014ஆம் ஆண்டின் தனி ஆணைப்படி வசூலிக்கப்படுகிறது. குடிமக்கள் கட்டுவதைப்போல் பன்மடங்கு. அவர்களுக்காக ஆலயங்கள் எடுக்கும் காப்புறுதி மருத்துவமனையில் தங்குவதற்கும் விபத்துக்கும் உரியது. ஆகவே அவர்களில் ஒருவர் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தால், அந்தச் செலவை ஆலயம் ஏற்க வேண்டும் என்று நிர்வாகக் கூட்டத்தில் நான் முன்மொழிந்திருக்கிறேன். ஒரு சிலர் தயங்கினார்கள். "ஒருவருக்குச் செய்தால் எல்லாரும் கேட்பார்கள்" என்றார் ஒருவர். கேட்கட்டுமே. வாசலில் நின்று வாசிப்பவரின் கையில் வீக்கம் வந்தால் வைத்தியம் பார்க்கிறோம் அல்லவா? ஆண்டுக் கூட்டத்தில் இது வாக்குக்கு வரும். உறுப்பினர்கள் வந்து வாக்களிக்க வேண்டுகிறேன். எதிர்த்து வாக்களிக்க விரும்புகிறவர்களும் வரவேண்டும். காரணத்தை எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

மற்றொரு தீர்மானம் ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. அதற்கு நம் பொருளாளருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஐந்து வெள்ளியை ஆலயம் கட்டத் தேவையில்லை. பயணத்தையும் கூலி இழப்பையும்தான் குறைக்க வேண்டும் என்ற என் கணக்கை அவர் ஏற்றுக்கொண்டார். ஆலய வேன் மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமைகளில் காலை ஆறரை மணிக்கு மருத்துவமனைக்குப் புறப்படும், பிற்பகல் திரும்பும். உடன் போகக் குடும்பத்தில் ஆளில்லையென்றால், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நால்வர் முறை வைத்துக்கொண்டு துணைக்கு வருவோம். நாங்கள் வரிசையில் நின்று பழகியவர்கள். எங்களுக்குக் கூலி இழப்பும் இல்லை. வேறு நாளில் தவணை உள்ளவர்கள் கிராப் ரசீதைக் கொண்டுவந்தால் பாதித் தொகை திருப்பித் தரப்படும்.

இரவு நேரத்தில் மனம் தாங்காமல் யாரிடமாவது பேச வேண்டும் என்றிருந்தால், சுகாதார அமைச்சின் தொலைபேசிச் சேவை 2022 முதல் இருக்கிறது. எண் 15555. நினைவில் வைக்க எளிது: ஒன்றும், நான்கு ஐந்துகளும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 999ஐ அழையுங்கள். பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு எந்த நேரத்திலும் போகலாம், அதற்குக் கடிதம் தேவையில்லை.

வேனுக்குப் பதிவு செய்ய விரும்புகிறவர்கள், மருத்துவமனை கொடுத்த தவணை அட்டையை ஆலய அலுவலகத்தில் காட்டினால் போதும். தேதியையும் ஏறும் இடத்தையும் மட்டும் குறித்துக்கொள்வார்கள். என்ன நோய் என்று கேட்கக்கூடாது என்பது நிர்வாகத்தின் கட்டளை. யாராவது கேட்டால் என்னிடம் வந்து சொல்லுங்கள்.